ஒரே மென்பொருள், மூன்று முயற்சிகள்

மென்பொருளை முழுதாகத் திட்டமிட்டுக் கட்டுவதா, துண்டு துண்டாகக் கட்டுவதா? இந்த விவாதத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. காகிதக் கோப்புகளாகக் கை மாறிக்கொண்டிருந்த வழக்கு விவரங்களைக் கணினிக்குள் கொண்டுவரும் ஒரே வேலையை அவர்கள் மூன்று விதமாகச் செய்து பார்த்தார்கள்.

2001-ல் தொடங்கியது ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’. தேவைகளைப் பட்டியலிட்ட ஆவணம் மட்டுமே 800 பக்கங்களுக்கு மேல். எல்லாம் முடிந்ததும் பழைய அமைப்பை நிறுத்திவிட்டு ஒரேயடியாகப் புதியதற்கு மாறுவதாகத் திட்டம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு எஃப்.பி.ஐ.யின் வேலையே மாறியது. தேவைகளும் மாறிக்கொண்டே போயின. சுமார் 7 லட்சம் வரி நிரல் எழுதிய பிறகு, 2005-ல் மொத்தத்தையும் கைவிட்டார்கள். செலவு ஏறத்தாழ 17 கோடி டாலர்.

இப்படி ஒரு படி முடிந்த பிறகே அடுத்த படிக்குப் போவதை ‘வாட்டர்ஃபால்’ என்கிறோம். இதற்கு ஆதாரமாக மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் ஒரு கட்டுரையில் வரைந்த படத்தைக் காட்டுவார்கள். ஆனால், இதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து, சோதனை கடைசியில் வருவதால் கோளாறும் கடைசியில்தான் தெரியும் என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். படம் பரவிய அளவுக்கு அந்த எச்சரிக்கை பரவவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்தது 2006-ல் தொடங்கிய ‘சென்டினல்’. வேலை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் போனது, நான்கு கட்டங்களாக. 2010 ஆகஸ்டுக்குள் ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் 40.5 கோடி செலவாகியிருந்தது. கைக்கு வந்தவை இரண்டே கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் அத்தனை பெரிதாக இருந்தால், அது சின்ன வாட்டர்ஃபால்தான்.

அதே ஆண்டு எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு துண்டு துண்டாகக் கட்டிக் காட்டும் ‘அஜைல்’ முறைக்கு மாறியது. சிறிய குழு, இரண்டு வாரத்துக்கு ஒரு ‘ஸ்பிரின்ட்’, அதாவது ஒரு சிறு துண்டை முடிக்கும் குறுகிய சுற்று. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இதுவும் சொன்ன தேதிக்கு முடியவில்லை. 2011-ல் நடந்த சோதனை ஓட்டத்தில் அமைப்பு நின்றுபோனது. வன்பொருளின் திறன் போதவில்லை. முந்தைய கட்டங்களில் கிடைத்த அனுபவமும் இந்தக் குழுவுக்குக் கைகொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியும் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். காரணம், நான் நேரில் பார்த்தது. ஒரு மொத்த விற்பனைக் கடைக்கு எட்டு மாதம் உழைத்து பில்லிங் மென்பொருள் செய்தோம். கல்லாவில் இருந்த அண்ணன் வலது கையை எண் விசைகளை விட்டு எடுக்கவே மாட்டார். இடது கை பொட்டலங்களை நகர்த்தும். நாங்களோ ஒவ்வொரு பொருளுக்கும் மவுஸால் ஒரு பொத்தானை அழுத்த வைத்திருந்தோம். முதல் நாளே வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது வாரமே ஒரு திரையை அவரிடம் கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சரி, எல்லாவற்றையும் ஸ்பிரின்ட்டில் பார்த்துக்கொள்ளலாமா? கூடாது. எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள், பழைய தரவை எப்படி மாற்றுவது, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி: இந்த மூன்றையும் முதல் வரி நிரலுக்கு முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவிடுவேன். திரைகளை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் கல்லாவுக்கே கொண்டுபோய்க் காட்டுவேன்.