புல்பென் கம்பியருகே நின்று பார்த்த சிட்டிசன்ஸ் பேங்க் பார்க்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரின் தென்பகுதியில் 2004-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிட்டிசன்ஸ் பேங்க் பார்க் பேஸ்பால் மைதானத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் உணவுக் கடைகளையும், உள்ளூர் அணியான ஃபில்லீஸ் ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) அடித்ததும் விளக்கெரிந்து அசையும் பெரிய மணியையும்தான் புகழ்கிறார்கள். அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஆட்டத்தின் நடுவே மாற்றாக இறங்கிப் பந்து வீசும் ரிலீஃப் பிட்சர் எத்தகைய நெருக்கடியில் வேலை செய்கிறார் என்பதை அருகில் நின்று பார்க்க முடிவதையே இங்குள்ள பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன்.

வலப்பக்க வெளிக்களத்தை ஒட்டி இரண்டு அணிகளின் புல்பென்களும் (ரிலீஃப் பிட்சர்கள் காத்திருந்து வீசிப் பழகும் இடங்கள்) ஒன்றுக்கு மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. கீழ்த்தளம் ஃபில்லீஸ் அணிக்கு, மேல்தளம் எதிரணிக்கு. ஆஷ்பர்ன் ஆலி என்ற அகன்ற நடைபாதை இதை ஒட்டியே செல்வதால், கம்பியருகே நிற்பவருக்குப் பந்து கையுறையில் அறையும் ஓசை தெளிவாகக் கேட்கும். தொலைபேசி ஒலித்ததும் பயிற்சியாளர் ஒரு பெயரைச் சொல்வார். அதுவரை பெஞ்சில் சாய்ந்திருந்தவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு எழுந்து, முதலில் மெதுவாகவும் பிறகு முழு வேகத்திலும் வீசத் தொடங்குவார். களத்தில் இருக்கும் பிட்சர் அதற்குள் சிக்கலிலிருந்து மீண்டுவிட்டால், இவரை உட்காரச் சொல்லிவிடுவார்கள். அப்படி வீசிய பந்துகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. அவற்றின் களைப்பு தோளில் மட்டும் தங்கிவிடுகிறது. மறுநாள் இரவு அதே தோளோடு வந்து ஒரு ஹோம் ரன் கொடுத்தவரை அரங்கமே திட்டும்போது, முந்தைய இரவு அவரைக் கம்பியருகே நின்று பார்த்தவருக்கு வாயைத் திறக்க மனம் வராது.

விதிகளும் அவருக்குச் சாதகமாக இல்லை. 2020 முதல், களமிறங்கும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஆகவே அன்று கட்டுப்பாடு கைகூடாதவர் எல்லோர் முன்னிலையிலும் நின்று தவிக்க நேர்கிறது. ஒவ்வொரு பந்தையும் வீச நேர வரம்பு வைக்கும், 2023-இல் வந்த பிட்ச் கடிகாரம் ஆற அமர மூச்சுவிடும் நேரத்தையும் பறித்துவிட்டது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசுபவரின் நிலையும் இதுதான் என்றாலும், அவருக்கு அது எப்போதாவது வரும் சோதனை. முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் ரிலீஃப் பிட்சரான க்ளோசருக்கோ அதுவே அன்றாட வேலை. போதாக்குறைக்கு, இந்த மைதானம் ஹோம் ரன்களுக்குப் பேர்போனது. 2005 சீசனுக்குப் பிறகு இடப்பக்கச் சுவரை ஐந்தடி பின்னுக்குத் தள்ளி உயர்த்திய பின்பும் அந்தப் பெயர் மாறவில்லை.

ஃபில்லீஸின் க்ளோசராக இருந்த பிராட் லிட்ஜை நினைக்காமல் அந்தக் கம்பியருகே என்னால் நிற்க முடிவதில்லை. 2008-இல் சீசனில் 41, பிந்தைய பிளேஆஃப் சுற்றுகளில் 7 என, கிடைத்த 48 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) வாய்ப்புகளில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசிப் பந்தை இதே மைதானத்தில் வீசிவிட்டு மண்டியிட்டார். அடுத்த ஆண்டு முழங்கால் வலியோடு ஆடி, ஒரு வெற்றியும் இல்லாமல் எட்டுத் தோல்விகளும், 11 தவறிய சேவ்களும், ஒன்பது இன்னிங்ஸுக்கு 7.21 ரன் விட்டுக்கொடுத்த சராசரியுமாக அவதிப்பட்டார். மேலாளர் சார்லி மானுவல் அப்போதும் சீசனின் பெரும்பகுதியில் அவரையே கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு அனுப்பினார். அந்த நம்பிக்கையைப் பிடிவாதம் என்று பலர் குறை கூறினார்கள். எனக்கு அது நன்றி மறவாத செயலாகவே படுகிறது.

2025 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த பிளேஆஃப் ஆட்டம் சமநிலையால் நீண்டபோது, அதன் 11-ஆவது இன்னிங்ஸில், ஃபில்லீஸின் 24 வயது ரிலீஃப் பிட்சர் ஓரியன் கெர்கரிங் தன்னை நோக்கி உருண்டு வந்த பந்தைத் தடுமாறி எடுத்து, முதல் பேஸுக்கு எறியாமல் ஹோமுக்குத் தவறாக எறிந்தார். எதிரணி வெற்றி ரன்னை எடுத்துவிட, ஃபில்லீஸின் சீசன் அத்தோடு முடிந்தது. குனிந்து நின்ற அந்த இளைஞரிடம் மேலாளர் ராப் தாம்சன் சென்று அணைத்துக்கொண்டதுதான் அன்றிரவு எனக்கு ஆறுதலாக இருந்தது.

இங்குள்ள கூட்டம் இரக்கமற்றது என்பது பரவலான பேச்சு. எதிரணி பிட்சர்களை அவர்கள் தலைக்கு அருகிலேயே நின்று வசைபாடுவது இங்கே ஒரு பொழுதுபோக்காகவே இருக்கிறது. மைதானத்தின் கலகலப்பில் அதையும் சேர்த்துப் பாராட்டுபவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில், அடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த ஃபில்லீஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) ட்ரே டர்னர் பேட் செய்ய வந்தபோது எழுந்து நின்று கைதட்டியதும் இதே கூட்டம்தான். ஷார்ட்ஸ்டாப்புக்குக் கிடைத்த அந்தக் கைதட்டல், சேவ் தவறவிட்டுத் தலைகுனிந்து வரும் ஒரு ரிலீஃப் பிட்சருக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பிராட் ஸ்ட்ரீட் ரயிலில் தெற்கு முனை நிலையத்தில் இறங்கினால் சிறிது தூர நடையில் வந்துவிடலாம். ஆட்டத்தின் தொடக்கத்தை உங்கள் இருக்கையிலிருந்தே பாருங்கள். ரிலீஃப் பிட்சர்களுக்குப் பெரும்பாலும் ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகுதான் வேலை வரும், அப்போது கம்பியருகே போனால் போதும். குழந்தைகளோடு வருபவர்கள் இடப்பக்க வெளிக்கள இருக்கைகளை வாங்கி, ஒரு பைனாகுலரும் எடுத்து வருவது நல்லது. வசைச்சொற்கள் காதில் விழாமல், இரண்டு புல்பென்களிலும் யார் எழுந்து வீசுகிறார் என்பதை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.