உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி: குறைகள் இருந்தும் விடாமல் பார்க்க வேண்டிய தொடர்

ஐஸ் ஹாக்கியில் வருஷத்துக்கு ஒரே ஒரு தொடரைப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கும் என்றால் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல் அக்டோபரில் தொடங்கினால் ஜூன் வரை இழுக்கும், ஒலிம்பிக் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். இது டிசம்பர் 26-இல் தொடங்கி ஜனவரி 5 வாக்கில் முடிந்துவிடும். 10 நாடுகள், எல்லோரும் 20 வயதுக்கு உட்பட்ட பையன்கள். பல வருஷமாகப் பார்த்துவருகிறேன், மெச்சிக்கொள்ள நிறைய இருக்கிறது, கோபம் வருகிற விஷயங்களும் இருக்கின்றன, இரண்டையுமே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து ஐந்து அணிகளாக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோதுவார்கள், முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் காலிறுதிக்குப் போவார்கள். 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி, ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராக வந்து அடிப்பது) வென்றால் 2, அப்படித் தோற்றவருக்கும் 1 உண்டு. இரு பிரிவிலும் கடைசியில் நிற்கிற அணிகள் தங்களுக்குள் மோத வேண்டும், தோற்றவர் அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவில் ஆடுவார். பலரும் அந்த ஆட்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை. 2024-இல் நார்வேயையும் 2025-இல் கஜகஸ்தானையும் வென்றுதான் ஜெர்மனி மேல்பிரிவில் தங்கியது, அந்த மாதிரி ஆட்டத்தில் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், ஒருமுறையாவது பாருங்கள்.

சரி, இதில் அப்படி என்ன விசேஷம் என்றால், வயதுதான். என்எச்எல்லில் ஒரு அணி இரண்டு கோல் முன்னிலை எடுத்துவிட்டால் அப்புறம் கட்டை போட ஆரம்பித்துவிடும், நடுப்பகுதியை அடைத்து, எதிராளியை ஓரத்துக்குத் தள்ளி, ஆட்டத்தை உறங்க வைத்துவிடுவார்கள். 18, 19 வயதுப் பையன்களுக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை. முன்னிலையில் இருக்கும்போதும் அடிக்கப் போவார்கள், பந்தயக் குதிரை மாதிரி ஓடுவார்கள், ஓடிய இடத்திலிருந்து திரும்பிவர நேரம் ஆகும், அந்த இடைவெளியில் ஆட்டம் தலைகீழாகிவிடும். 2011-இல் பஃபலோவில் நடந்த இறுதிப் போட்டியில் இரண்டு பீரியட் (ஒரு ஆட்டத்துக்கு 20 நிமிடமாக மூன்று பீரியட்) முடிந்தபோது கனடா 3-0 என்று இருந்தது. கோப்பை கையில் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மூன்றாவது பீரியடில் ரஷ்யா வரிசையாக ஐந்து கோல் போட்டு 5-3 என்று முடித்தது. 2023 ஹாலிஃபாக்ஸ் இறுதியிலும் அப்படித்தான், கனடா 2-0 என்று இருந்தபோது செக் அணி மூன்றாவது பீரியடில் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது, டிலன் குன்தர் ஓவர்டைமில் அடித்த கோலால்தான் கனடா பிழைத்தது. 2025 ஒட்டாவாவில் பின்லாந்து 3-1 என்று முன்னால் இருந்தும் அமெரிக்கா திரும்பி வந்து, டெடி ஸ்டிகாவின் ஓவர்டைம் கோலில் 4-3 என்று வென்றது. எந்த முன்னிலையும் நிற்காது. இடைவேளையில் எழுந்து போய்விட்டு ஸ்கோரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

சின்ன அணிகள் பெரிய அணிகளை மண்ணைக் கவ்வ வைப்பதும் இங்கே அடிக்கடி நடக்கும். எனக்கு மிகவும் பிடித்தது லாட்வியா. ரஷ்யாவும் பெலாரஸும் உக்ரைன் போருக்குப் பிறகு 2022-இல் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன, அந்த வருஷம் ரஷ்யாவின் இடத்தில் உள்ளே வந்த லாட்வியா முதல்முறையாகக் காலிறுதி வரை போனது. அதோடு நின்றுவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் 2025 தொடரில், 2024 டிசம்பர் 27 அன்று ஒட்டாவாவில், கனடாவின் சொந்த மண்ணில், அரங்கம் முழுக்கச் சிவப்புச் சட்டைகள் உட்கார்ந்திருக்க, லாட்வியா 3-2 என்று ஷூட்அவுட்டில் கனடாவை வென்றது. கோல்கீப்பர் லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் அன்று 55 ஷாட்டுகளைத் தடுத்தார். எண்ணிக்கையை விட அவர் தடுத்த விதம்தான் கண்ணில் நிற்கிறது. அலட்டிக்கொள்ளாமல், வலைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தாலும் குனிந்து கால்களுக்கு நடுவே பக் (பந்துக்குப் பதிலாக ஆடுகிற ரப்பர் வில்லை) எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தார், பாய்ந்து விழுந்து காட்டுவதெல்லாம் கிடையாது. ஷூட்அவுட்டில் எரிக்ஸ் மாதெய்கோ கோல் போட்டதும் லாட்வியா பையன்கள் மொத்தமாகப் பாய்ந்து ஃபெல்ட்பெர்க்ஸ் மேல் விழுந்தார்கள். அந்த அணிக்குக் கோப்பை கிடைக்கவில்லை, ஆனாலும் அந்த வருஷம் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது இறுதிப் போட்டியை அல்ல, இதைத்தான்.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். கொரோனா காரணமாக 2021 டிசம்பர் 29 அன்று பாதியில் நிறுத்தப்பட்ட தொடர் 2022 ஆகஸ்டில் எட்மன்டனில் முதலிலிருந்து நடந்தது. கனடாவும் பின்லாந்தும் இறுதியில், 2-2, ஓவர்டைம், கோல்கீப்பர் தவிர மூவருக்கு மூவர். பின்லாந்தின் ஷாட் கனடா கோல்கீப்பர் மேல் பட்டு அவர் தலைக்கு மேலே எழும்பி, பின்னால் வலைக்குள் இறங்குகிறது. கோல்கீப்பருக்குப் பின்னால், கோல் கோட்டின் மேலேயே நின்ற கேப்டன் மேசன் மெக்டாவிஷ் ஸ்டிக்கை நீட்டி, கோட்டைத் தாண்டப் போன பக்கை அந்தரத்திலேயே தட்டி வெளியே தள்ளினார். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கோட்டுக்கும் பக்குக்கும் இடையே மயிரிழை தூரம்தான். சற்று நேரத்தில் மறுமுனையில் கென்ட் ஜான்சன் கோல் போட்டார், 3-2, தங்கம். ஐஸ் ஹாக்கி பற்றி ஒன்றுமே தெரியாதவரிடம் ஒரே ஒரு நிமிடக் காணொளி காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

நாளைய நட்சத்திரங்களை முன்கூட்டியே பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். வேய்ன் கிரெட்ஸ்கி 1978-இல் 16 வயதில் இங்கே ஆடி அதிகப் புள்ளிகள் (போட்ட கோலுக்கும் கோலுக்கு உதவியதற்கும் ஒவ்வொன்று) எடுத்தார். ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பர்க் 1993-இல் ஒரே தொடரில் எடுத்த 31 புள்ளிகள் இன்னும் சாதனையாக நிற்கின்றன. இந்தக் காலத்தில் கானர் பெடார்ட், 2023-இல் ஏழு ஆட்டங்களில் 23 புள்ளிகள். 18 வயது ஆகாதவர்கள் முகம் முழுக்க மறைக்கும் கவசம் போட வேண்டும் என்று விதி, அதனால் கம்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற பையனாகத்தான் அவர் தெரிவார். ஸ்லோவாக்கியாவுடன் காலிறுதி ஓவர்டைமில் தனி ஆளாகப் பக்கை எடுத்துக்கொண்டு போய், தடுக்க வந்தவர்களை ஏமாற்றிவிட்டு, கோல்கீப்பரையும் ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் போட்டார். அந்தக் கோல்கீப்பர் ஆடம் காஜான் அன்று 53 ஷாட்டுகளைத் தடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அநியாயம்.

இப்போது குறைகள். முதல் குறை, சமமில்லாத ஆட்டங்கள். 2020 டிசம்பர் 26 அன்று கொரோனாவால் பல ஆட்கள் தனிமையில் இருக்க, கோல்கீப்பர் தவிர 14 பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஆடிய ஜெர்மனியைக் கனடா 16-2 என்று அடித்தது. அதில் யாருக்கு என்ன பயன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 2023-இலும் ஜெர்மனியுடன் 11-2, ஆஸ்திரியாவுடன் 11-0. பிரிவில் கோல் வித்தியாசமும் இடத்தைத் தீர்மானிக்கக்கூடும் என்பதால் முன்னணி அணிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாது, அதனால் தோற்கிற பையன்கள் மேல்தான் எல்லாம் விழுகிறது. எட்டு அணிகளோடு நடத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதற்கு எதிர்ப்பு. எட்டோடு நிறுத்தியிருந்தால் லாட்வியா மாதிரி அணிகளுக்கு இந்த வாய்ப்பே வந்திருக்காது.

இரண்டாவது, எப்போது பார்த்தாலும் கனடா. 2015, 2017, 2019, 2021, 2022, 2023, 2025 எல்லாம் அங்கேதான், 2026-ஐ மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு 2027-க்கு மறுபடியும் எட்மன்டனும் ரெட் டியரும். அங்கே அரங்கம் நிறைகிறது, தொலைக்காட்சிப் பணம் வருகிறது, காரணம் புரிகிறது. ஐரோப்பாவில் நடந்தால் உள்ளூர் அணி ஆடாத நாளில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் என்பதும் நிஜம். ஆனாலும் 2016-இல் ஹெல்சின்கியில் பின்லாந்து ஓவர்டைமில் ரஷ்யாவை 4-3 என்று வென்றபோது எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள், ஐரோப்பாவில் ஆர்வமே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 10 நாடுகள் ஆடுகிற தொடருக்கு ஒரே நாடு நிரந்தர வீடு மாதிரி ஆகிவிடக் கூடாது.

கனடா ஹாக்கி சங்கத்தின் கதையும் இதில் வருகிறது. 2018 ஜூனியர் அணியைச் சேர்ந்தவர்கள் மேல் எழுந்த பாலியல் வன்முறைப் புகாரைச் சங்கம் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது 2022-இல் வெளியே வந்தது. விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள், அந்த ஆகஸ்டில் எட்மன்டனில் அரங்கம் வெறிச்சோடியதற்கு அதுவும் ஒரு காரணம். வழக்கில் நிறுத்தப்பட்ட ஐந்து பேரும் 2025 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பு எப்படியிருந்தாலும், பெற்றோர் கட்டுகிற பதிவுக் கட்டணத்தையும் உள்ளடக்கிய நிதியிலிருந்து சத்தமில்லாமல் பணம் போனது தப்பு, அதை மறந்துவிட்டு இந்தத் தொடரைப் புகழ என்னால் முடியாது.

மூன்றாவது குறை, தங்கப் பதக்கத்தை மூவருக்கு மூவர் ஓவர்டைமில் தீர்ப்பது. 2022, 2023, 2025, மூன்று இறுதியும் அப்படித்தான் முடிந்தன. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. மெக்டாவிஷ் காட்சி கிடைத்ததும் அதனால்தான். ஆனால் 60 நிமிடம் ஐவருக்கு ஐவர் என்று ஆடிவிட்டு, கடைசியில் பனிப்பரப்பில் பாதி ஆளைக் காணோம் என்றால் அது வேறு ஆட்டம். ஐந்து பேரோடு ஆடுகிற ஒழுங்கில் கெட்டியான அணிக்கு அங்கே எந்த மரியாதையும் கிடைப்பதில்லை. 2017 மான்ட்ரியல் இறுதி ஷூட்அவுட்டில் முடிந்தது, டிராய் டெர்ரி ஒருவரே கோல் போட்டு அமெரிக்காவுக்கு 5-4 என்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதோடு ஒப்பிட்டால் இப்போதைய முறை எவ்வளவோ மேல் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நன்றாகச் செய்கிற ஒன்று: ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நிற்க, அணிக்கு ஒருவர் என்று இருவருக்கு அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பரிசு கொடுக்கிறார்கள், அப்புறம் வென்ற நாட்டின் தேசிய கீதம். 11-0 என்று தோற்ற அணியிலும் ஒரு பையன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான், பெரும்பாலும் கோல்கீப்பர்தான். இதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது.

திரையில் பார்ப்பவர்களுக்கு: பக்கைக் கண்ணால் துரத்தாதீர்கள். அது 7.62 செ.மீ. அகலமுள்ள ரப்பர் வில்லை, துள்ளாமல் இருக்க உறைய வைத்துத்தான் கொண்டுவருவார்கள், அதன் வேகத்துக்குக் கண் ஈடு கொடுக்காது. ஆட்களைப் பாருங்கள், எல்லோர் தோளும் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அங்கேதான் பக் இருக்கும். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவதையும் கவனியுங்கள், களைத்துப்போனவர்கள் மாற முடியாமல் தங்கள் பகுதிக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அடுத்து கோல் விழ வாய்ப்பு அதிகம். நான் சந்தா கட்டிய ஒரு ஸ்ட்ரீமிங் சேவை பழைய ஆட்டங்களைப் பட்டியலிடும்போது தலைப்பிலேயே ஸ்கோரைப் போட்டுவிடுகிறது, அடுத்த நாள் பார்க்கலாம் என்று வைத்திருந்த ஆட்டம் பாழ். முடிந்தவரை நேரலையிலேயே பார்த்துவிடுங்கள்.

எல்லா ஆட்டமும் பார்க்க நேரமில்லாதவர்கள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கனடாவும் அமெரிக்காவும் ஒரே பிரிவில் இருந்தால் டிசம்பர் 31 அன்று அவர்கள் மோதுகிற ஆட்டம். அப்புறம் காலிறுதி நாள், ஒரே நாளில் நான்கு ஆட்டம், தோற்றவர் வீட்டுக்கு. கனடா 2024-இலும் 2025-இலும் தொடர்ந்து செக் அணியிடம் தோற்று வெளியேறியது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவதாக இறுதிப் போட்டி. இந்த மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், இறுதியை விட்டுவிட்டுக் காலிறுதி நாளைப் பாருங்கள்.