கையில் பட்டையா, பையில் போனா?

மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலடிகளை எண்ணும் கைப்பட்டை, போன் செயலி இரண்டையும் என் மகன் சோதித்தான். நேராக நடந்தால் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. போன் செயலிக்குத் தனிச் செலவும் இல்லை. ஆனால் கபடி ஆடும்போது போன் பைக்குள் தூங்கும். பட்டை கூடவே ஓடும். சரி, பட்டையும் யோக்கியமில்லை. உணர்வது கையசைவைத்தானே! மேசையில் தாளம் போட்டே நாற்பது அடி 'நடந்துவிட்டான்' பயல். சைக்கிள் மிதித்தால் இரண்டுமே கோட்டை விடும்.

நாளுக்கு 10,000 காலடி என்ற இலக்கே 1965-இல் ஜப்பானில் விற்ற கருவியின் பெயரிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குச் சொல்வது, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலுழைப்பு. அந்த உழைப்பை அடிக்கணக்கு மட்டும் சொல்லாது. அதனால் நாடித்துடிப்பும் காட்டும் பட்டைக்கே என் ஓட்டு.