ஜேக்கா, என்சிஐஎஸ்ஸா?

ராணுவச் சீருடை, குற்ற விசாரணை, வேலை விதி தடுக்கும் காதல். மூன்றும் வேண்டுமென்றால், கடற்படை வழக்கறிஞர்களைப் பற்றிய ஜேக் (JAG), கடற்படைக் குற்றப் புலனாய்வுத் துறையைப் பற்றிய என்சிஐஎஸ் (NCIS), இந்த இரண்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் எது?

நீளம்: ஜேக் 1995 முதல் 2005 வரை, 10 சீசன். அதிலிருந்து 2003-ல் கிளைத்த என்சிஐஎஸ் 20 சீசனைத் தாண்டிவிட்டது.

குற்றம்: ஜேக்கில் நீதிமன்றம், மற்றதில் பிணவறை, ஆய்வகம்.

காதல்: ஜேக்கில் நாயகன் ஹார்ம் கடற்படை, நாயகி மேக் மரைன் படை. இருவரும் ஒரே அலுவலக வழக்கறிஞர்கள், அதனால்தான் சிக்கல். கடைசியில் யார் பதவியை விடுவது என்று காசு சுண்டுகிறார்கள். பூவா தலையா என்று காட்டாமலே முடித்துவிட்டார்கள், பாவிகள்! என்சிஐஎஸ்ஸில் துப்பறிபவர்கள் ராணுவத்தினரே அல்ல. தடை, குழுத் தலைவராக இருந்த கிப்ஸின் 12-ஆம் விதிதான்: உடன் வேலை செய்பவரைக் காதலிக்காதே.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு புதிர் போதுமா? என்சிஐஎஸ். ஏக்கம் வேண்டுமா? ஜேக், மேக் வரும் இரண்டாம் சீசனிலிருந்து.