fx-991 கால்குலேட்டரும் மைனஸ் குறியும்: நீண்ட நாள் அனுபவம்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கலாமா என்று தோழி கேட்டாள். என் டியூஷன் மேசையில் பல வருடமாக கேசியோ fx-991 மாடல் ஒன்று கிடக்கிறது. பேட்டரி, திரை, பட்டன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. எனக்கும் அதற்கும் ஓயாத சண்டை மைனஸ் குறியில்தான்.

-3² என்று தட்டினால் -9 வரும். அதே -3-ஐ A என்ற நினைவகத்தில் சேமித்துவிட்டு A² என்று தட்டினால் 9. இரண்டுமே சரி. முதலாவதில் அடுக்கு 3-க்கு மட்டும்தான். வர்க்கம் முடிந்த பிறகே மைனஸ் சேருகிறது. அடைப்புக்குறி போட்டு (-3)² என்று எழுதினால்தான் அடிமானம் -3 ஆகும். கையேட்டில் இந்த முன்னுரிமை வரிசை பொடி எழுத்தில் இருக்கிறது. எந்தப் பிள்ளை அதைப் பிரித்துப் பார்க்கும்? ஒற்றைப்படை அடுக்கு இன்னும் மோசம். -2³, (-2)³ இரண்டுக்கும் -8 வருவதால் அடைப்புக்குறியே வேண்டாம் என்று நம்பிவிடுகிறார்கள். அடுத்து -2⁴ வரும்போது மார்க் போகிறது. போதாததற்கு எக்செல்லில் =-3^2 என்று போட்டால் 9! அங்கே மைனஸுக்கு முதலிடம்.

ஆனாலும் மைனஸ் அடுக்கைப் புரியவைக்க இதிலுள்ள டேபிள் வசதிக்கு ஈடாக என்னிடம் வேறு எதுவும் இல்லை. x-க்கு வரிசையாக மதிப்பு போட்டு விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் வசதி அது. 2^x-ஐ x = -3 முதல் 3 வரை போட்டால் 0.125, 0.25, 0.5, 1, 2, 4, 8. கடைசியிலிருந்து மேலே ஏறினால் ஒவ்வொரு படியிலும் பாதியாகிறது. 2⁰ ஏன் 1, 2⁻¹ ஏன் அரை என்று நான் வாய் திறக்கவே வேண்டாம். அடுக்கில் மைனஸ் இருப்பதால் விடை மைனஸ் ஆகாது என்பதும் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. பிறகு (-2)^x: -0.125, 0.25, -0.5, 1, -2, 4, -8. "ரெண்டு மைனஸும் வேற வேற வேலை பாக்குது மிஸ்" என்று ஒரு மாணவி சொன்னாள். அதேதான். அடுக்கின் மைனஸ் தலைகீழாக்குகிறது, அடிமானத்தின் மைனஸ் குறியை மாற்றி மாற்றிப் போடுகிறது. x-ஐ 0.5, 0.5 ஆக ஏற்றினால் இடையிடையே எரர். அடுக்கு 0.5 என்றால் வர்க்கமூலம். -2-க்கு மெய்யெண்ணில் வர்க்கமூலம் இல்லையே!

இவ்வளவு பிடித்தும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பத்தாவது பரீட்சையில் இதைக் கொண்டுபோக முடியாது. அடைப்புக்குறியை அவன் கையால் போட்டுப் பழகட்டும். பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ சேரும்போது இதையே வாங்கிக் கொடுக்கலாம். டேபிள் பார்க்க ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.