வீட்டுக்கே வந்து எடுத்த மூக்கு ஸ்வாப்: மூணு ஸ்டார்

முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டர், அதற்கு முன்னால் மூக்கில் ஸ்வாப் கல்ச்சர், அதாவது பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட், பார்த்துவிட்டு வரச் சொன்னார். எனக்கு வயது 69. சளி, இருமல் ஒன்றும் கிடையாது. "கால் வலிக்கு மூக்கை ஏன் பார்க்கணும்?" என்று கேட்டே விட்டேன். பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்கில் ஸ்டாஃப் ஆரியஸ் என்கிற கிருமி சும்மா உட்கார்ந்திருக்குமாம். அது ஆபரேஷன் காயத்துக்குள் போனால்தான் வம்பு. செயற்கை மூட்டில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

எங்கள் ஊர் லேப் ஒன்றுக்குப் போன் செய்தோம். வந்த தம்பியைக் குறை சொல்லவே முடியாது. சொன்னபடி காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றார். கொரோனா நேரத்தில் மூளை வரைக்கும் குடைந்தது ஞாபகம் வந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். இது அப்படியில்லை. பஞ்சுக் குச்சியை சலைனில் நனைத்து, மூக்கின் முன்பக்கத்திலேயே நாலைந்து சுற்று. அதே குச்சி அடுத்த பக்கத்துக்கும். ஒரு தும்மல், அவ்வளவுதான். ஜெல் இருந்த குழாயில் செருகி, என் கண் முன்னாலேயே பேரும் நேரமும் எழுதினார்.

"நிமோனியா கிருமியும் இதிலேயே தெரிஞ்சிடுமா தம்பி?"

"அது மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல இருக்கும்மா. இந்தக் குச்சி அங்க போகாது. வயசானவங்களுக்குக் கல்ச்சர்ல பல நேரம் சிக்காது, கிருமியோட மரபணுவைத் தேடுற பிசிஆர் டெஸ்ட்லதான் அதிகம் தெரியும்."

விஷயம் தெரிந்த பிள்ளை.

கோளாறெல்லாம் ரிப்போர்ட்டில். மூன்றாம் நாள் ராத்திரி பத்தரைக்கு வாட்ஸப்பில் வந்தது. சிவப்பு எழுத்தில் 'ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்', அதே ஸ்டாஃப் கிருமியின் முழுப் பேர். கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள், பக்கத்தில் எஸ், ஆர் என்று எழுத்துகள். விளக்கம் ஒரு வரி கிடையாது. காலையில் லேபுக்குப் போன் போட்டால் "டாக்டரைக் கேளுங்க". அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார்.

எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது என்றார் டாக்டர். நேரே செஃபாக்சிட்டின் என்ற ஆன்டிபயாடிக் வரியில் விரலை வைத்தார். அங்கே எஸ் இருந்ததால் எம்ஆர்எஸ்ஏ, அதாவது வழக்கமான பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃப் வகை, இல்லையாம். "நோய் இல்லம்மா, குடியிருக்கு, அவ்வளவுதான்." முப்பிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு மூக்கில் தினம் இரண்டு வேளை, ஐந்து நாள், கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் குளியல். இதை ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு வரி தமிழில் போட்டிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

தம்பிக்கு ஐந்து ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு ஒன்று. களிம்பு நேற்றோடு முடிந்தது. டம்ளர் மட்டும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.