நெல் அந்து, அரிசி அந்து: இனக்கவர்ச்சிப் பொறி எதற்குப் பலிக்கும்?

சாக்குகளின் மேல் சின்னஞ்சிறு அந்துகள் பறந்தால் "அந்து விழுந்துடுச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நெல் அந்துப்பூச்சி ஒரு குடும்பம், அரிசி அந்துப்பூச்சி வேறு குடும்பம். துணையை அழைக்கும் விதமும் இரண்டுக்கும் ஏறக்குறைய தலைகீழ். பெண்ணின் மணத்தை வில்லையில் வைத்து ஆணைச் சிக்கவைக்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்குக் காசு செலவழிக்குமுன் இது தெரிந்திருக்க வேண்டும்.

நெல் அந்து (சிட்டோட்ரோகா சீரியலெல்லா) வைக்கோல் நிறம். பின்னிறகின் நுனி விரல்போல் நீண்டிருக்கும், ஓரமெல்லாம் மயிர்த்தொங்கல். புழு ஒரு மணியைத் துளைத்து உள்ளே போனால் அந்தாகித்தான் வெளியே வரும். இதில் அழைப்பது பெண். வயிற்று நுனிச் சுரப்பியிலிருந்து அது விடும் மணம் காற்றில் போகிறது. ஆணின் உணர்கொம்பில் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள துளைகள் வழியே புகும் மூலக்கூறை ஒரு புரதம் ஏந்திக்கொண்டு போய் நரம்புச் செல்லிடம் சேர்க்கிறது. ஆண் காற்றை எதிர்த்துப் பறந்து மணம் வந்த இடத்தைத் தேடுகிறது.

அந்த மணத்தின் முதன்மைப் பொருள் ஒன்றுதான்: இசட்-7, ஈ-11 ஹெக்ஸாடெக்காடையினைல் அசிடேட் (இசட், ஈ என்பவை மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு திரும்பியிருக்கும் பக்கத்தைக் குறிப்பவை). பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் இதே குடும்பம். அதன் பெண்ணும் இதே பொருளை விடுகிறது, ஆனால் இசட்-இசட் வடிவத்தை ஏறக்குறையச் சரிபாதி சேர்த்து. ஓர் இரட்டைப் பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் இவ்வளவு விஷயம் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அரிசி அந்து (கார்சைரா செஃபலோனிகா) சாம்பல் கலந்த பழுப்பு. புழு நூல் விட்டுத் தானியத்தைக் கட்டி கட்டியாகச் சேர்த்துவிடும். இதில் ஆணும் அழைக்கும். இறகுச் சுரப்பியிலிருந்து ஃபார்னிசல் என்ற ஆல்டிஹைடை வெளியிடும். கூடவே நம் காதுக்கு எட்டாத மீயொலியும் எழுப்பும். பெண்ணுக்கு அதைக் கேட்கும் செவி வயிற்றின் அடிப்பகுதியில் இருக்கிறது. ஆணைக் கவரும் மணம் பெண்ணிடமும் உண்டு, அது ஓர் ஆல்கஹால். முகத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லலாம்: பெண்ணின் உதட்டு உணர்நீட்சிகள் முன்னோக்கி நீண்டிருக்கும், ஆணுக்குக் குட்டை. தமிழ்நாட்டில் டிரைக்கோகிரம்மா என்ற, பூச்சி முட்டைகளுக்குள் வளரும் சிறு குளவி ஒட்டுண்ணியின் அட்டைக்காக இதைக் கம்பு நொய்யில் வளர்க்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு அட்டையாகப் போவது இதன் முட்டைதான்.

என் கணிப்பில், நெல் மூட்டைக்கு இனக்கவர்ச்சிப் பொறி நல்ல காவல். ஒரே பொருளுக்கு ஆண் தொலைவிலிருந்தே வருவதால் தாக்குதல் தொடங்கியதுமே தெரிந்துவிடும். சிக்குவது ஆண் மட்டும். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே பொறியை எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள், ஒழிப்புக்கு நம்ப வேண்டாம்.

அரிசி அந்துக்கு மணமும் ஒலியும் இரு பக்கமும் கலந்திருப்பதால் பொறியை நம்பிச் சும்மா இருக்க முடியாது. சேமிப்புக் கிடங்கு அந்துகளுக்கு என்று பரவலாக விற்கும் வில்லைகளில் இருப்பது இந்திய மாவு அந்து, பாதாம் அந்து ஆகியவற்றின் மணம். அது கார்சைராவின் மணமே அல்ல. கம்பும் அரிசியும் வைத்திருப்பவர் அந்தக் காசில் தானியத்தை நன்றாகக் காயவைத்து, நொய்யைப் புடைத்து, நூல் கட்டிய பழைய சாக்கை அப்புறப்படுத்தலாம்.